கதிர்க்குருவிக்குப் பூசை ஒப்புக்கொடுத்தவர்

பற்றிக் என்பவர் அந்தப் புதன்கிழமையும் காது கழுவிக்கொண்டிருந்தார். பென்ரோஸ் ஆலையில் காலை வேலை முடித்து, இரண்டு ரயில் பிடித்து ஹென்டர்சன் வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் மனிதர் தேநீர் கேட்பதில்லை, சாப்பாடு கேட்பதில்லை. நேரே குளியலறைக்குப் போவார். இளஞ்சூட்டு நீரில் துவாயின் நுனியை நனைத்து, மடல், மடலின் பின்புறம், குழி என்று ஒழுங்கு தவறாமல் துடைப்பார். பூசையில் குருவானவர் கை கழுவ எடுக்கும் நேரத்தைவிட இதற்குக் கூடுதல் நேரம் போகும். பிறகு மகள் றோஷினி வாங்கிக் கொடுத்த ஹெட்போனின் இரண்டு மெத்தைகளுக்கும் கண்ணாடித் துணியால் ஒரு துடை. மேசையில் உட்காரும்போது மணி மூன்றரை. கோடைக்காலத்தில் குடியேறிய நாடே மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளிவைத்தால் இவர் நாலரைக்கு உட்காருவார். ஏனென்று கேட்பவர்களிடம் எரிந்து விழுவார்.

“இஞ்ச மணிக்கூடு என்ன காட்டினா எனக்கென்ன? கென்யாவில இப்ப ஆறரை. அங்க விடியேக்கைதான் நான் காது குடுப்பன்.”

அவர் கேட்கப்போவது போன மாதம் பதிவான ஒலி என்பதை யாரும் நினைவூட்டத் துணிவதில்லை. மத்திய கென்யாவின் அபெர்டேர் மலைப் பூங்காவில், மூவாயிரம் மீட்டருக்கு மேலே, எப்போதும் ஈரமாகக் கிடக்கும் ஒரு புல்வெளி. அங்கே நான்கு கம்பங்களில் சோப்புப் பெட்டி அளவில் நான்கு ஒலிப்பதிவுக் கருவிகள். ஒவ்வொரு விடியலையும் அவை பதிந்து வைக்கின்றன. அதை நிமிடம் நிமிடமாக வெட்டி, நாளுக்கு இருபது நிமிடங்களை ஆராய்ச்சிக் குழு ஒன்று பற்றிக்குக் கணினியில் அனுப்புகிறது. எந்தப் பறவை கேட்கிறது, எது கேட்கவில்லை என்று கட்டங்களில் அடையாளம் இட வேண்டும், அவ்வளவுதான். சம்பளமில்லாத வேலை. ஏழு வருடமாக ஒரு நாள் தவறவில்லை. வேறு கம்பங்களுக்கு மூன்று பேர், நான்கு பேர் காது கொடுக்கிறார்கள். இந்த நான்குக்கும் பற்றிக் ஒருவர் போதும் என்று குழுவே முடிவு செய்திருந்தது. தனக்குக் கிடைத்த பட்டங்களிலேயே பெரியதாக அவர் அதைத்தான் நினைத்தார். கிடைத்தது அது ஒன்றுதான் என்பது வேறு விஷயம்.

மன்னாரில் பிறந்தவர் அந்த மலையை அறிந்தது தேயிலையால். வாலிப வயதில் அதன் அடிவாரத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் பதினொரு வருடம் இயந்திரம் பார்த்தார். அங்கே விருந்தினர் அறை அலுமாரியில் அட்டை கிழிந்த ஒரு பறவைப் புத்தகம் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு ஞாயிறுகளில் மலையேறினார். காட்டெருமைக்குப் பயந்து துவக்கோடு ஒரு காவலாளி கூட வருவார். முதல் வருடம் எல்லோரும் பார்ப்பதைத்தான் இவரும் பார்த்தார். பறக்கும்போது மட்டும் இறக்கைக்குள்ளிருந்து இரத்தச் சிவப்பைக் காட்டும் பச்சை டுராக்கோ. ஆளுயர லொபீலியாப் பூத்தண்டில் நீண்ட வாலோடு தொங்கும் மரகதத் தேன்சிட்டு. அதன் பிறகு ஒரு ஞாயிறு, நனைந்த புல் கொத்தின் உச்சியில் ஏறி நின்று, தன்னை விட நீளமான பாட்டொன்றைப் பாடியது ஒரு கதிர்க்குருவி.

பார்ப்பதற்கு அதில் ஒன்றுமில்லை. மண்நிறம், முதுகில் கறுப்புக் கீறல்கள், உள்ளங்கையில் வைத்தால் இருப்பதே தெரியாத எடை. ஆனால் அபெர்டேர் கதிர்க்குருவி என்ற அந்த இனம் கென்யாவின் அந்த உயர்நிலங்களைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது என்று புத்தகம் சொன்னது. பற்றிக் விழுந்தது அங்கேதான். “வேற எங்கயும் வரமாட்டன் எண்டு நிக்கிற பிடிவாதக்காரன்,” என்பார் பெருமையாக. சொல்பவர் மூன்று நாடு மாறியவர். அந்தக் குருவிக்கு அவர் வைத்த பெயர் ‘எங்கட ஆள்’. வீட்டில் அந்தப் பெயர் அடிபடாத நாள் கிடையாது. அவருடைய மனைவி ராசமணிக்கு அது எப்படியிருக்கும் என்று இன்றுவரை தெரியாது.

பறவைகளை ரசிக்கிறேன் என்று யாரும் அவரிடம் வாயைத் திறந்துவிடக் கூடாது. நண்பர் சபாரத்தினம் குடும்பத்தோடு கென்யா போய் வந்து, ஆயிரம் படம் காட்டினார். சிங்கம், சிங்கத்தின் மனைவி, சிங்கத்தின் கொட்டாவி. பற்றிக் பொறுமையாகப் பார்த்துக்கொண்டே வந்து, ஒரு படத்தில் வண்டிச் சில்லுக்குப் பக்கத்தில் தெரிந்த மங்கலான புள்ளியில் விரலை வைத்தார். “இதை விட்டுட்டு இந்த மிருகத்தையோ ஐசே எடுத்தனீர்?” சபாரத்தினம் அதன் பிறகு எந்தப் படமும் காட்டவில்லை.

பிழைப்புக்கு அட்டைப்பெட்டி செய்யும் ஆலை. இருபத்திரண்டு வருடமாக ஒரே வெட்டும் இயந்திரம். காதுக்கு மூடி போட வேண்டும் என்பது விதி. பற்றிக் ஒரு பக்கத்தை எப்போதும் தூக்கித் தலைமேல் வைத்துக்கொள்வார். பிளேடு மழுங்கினால் அளவுகருவி காட்டுவதற்கு முன்பே சத்தத்தில் கண்டுபிடித்துச் சொல்வார். மேற்பார்வையாளர்கள் கண்டித்துக் களைத்துப்போய் விட்டுவிட்டார்கள். “மூடினா மிசின் என்ன சொல்லுது எண்டு எப்பிடித் தெரியும்? காது எண்டது கேக்கத்தான்,” என்று புதிதாக வருகிறவர்களுக்கும் உபதேசம். தேயிலைத் தொழிற்சாலையில் இருந்த பதினொரு வருடமும் மூடி என்ற பொருளை அவர் கண்ணால் கண்டதே இல்லை.

காதுத் தற்பெருமை கணினிக்கு முன்னாலும் குறையவில்லை. ஒவ்வொரு ஒலிப்பதிவோடும் ஒரு படம் வரும். சத்தம் உயர்ந்தால் கோடு மேலே, தாழ்ந்தால் கீழே என்று பறவைப் பாட்டை எழுத்துப் போலக் காட்டும் படம். மற்றத் தன்னார்வலர்கள் அதைப் பார்த்துத்தான் முடிவு சொல்கிறார்கள். பற்றிக் முதல் நாளே அந்தப் படத்தை மூடிவிட்டார். “கண்ணால பாத்துச் சொல்ல ஊமையனும் செவிடனும் போதும். என்னை ஏன் கேக்கிறியள்?” கணினியும் தன் பங்குக்கு ‘கதிர்க்குருவியாக இருக்கலாம்’ என்று சில நிமிடங்களில் ஒரு சிறு குறி காட்டும். பற்றிக் அந்தக் குறியை ‘இல்லை’ என்று வெட்டுவார். அப்படி வெட்டியது எத்தனை என்று அவர் எண்ணியதில்லை.

இந்த இரண்டு வருடமாகத்தான் மனிதர் இடிந்துபோனார். தொடக்கத்தில் இருபது நிமிடத்தில் எட்டு, ஒன்பது நிமிடங்களில் பாடிய குருவி நாலுக்கு இறங்கியது. பிறகு வாரத்துக்கு ஒன்று. பிறகு எதுவுமில்லை. கவுதாரி தொண்டை கிழியக் கத்துவது கேட்டது. எருமை மூச்சு விடுவது கேட்டது. மழை புல்லில் இறங்குவதுகூடக் கேட்டது. எல்லாம் கேட்கிற காதுக்கு ஒன்று மட்டும் கேட்கவில்லை என்றால் அந்த ஒன்று இல்லை என்றுதானே பொருள்? ஹெட்போனைக் கழற்றிவிட்டு வந்து, சோற்றுக் கோப்பைக்கு முன்னால் உட்கார்ந்து, “இண்டைக்கும் இல்லை,” என்பார். ராசமணி கறியை மறுபடி சூடாக்குவாள்.

உலகமே ஊமையாகிக்கொண்டிருப்பதாக அவருக்குப் பட்டது. கொல்லையில் பீஜோவா மரத்துக்குக் கூட்டமாக வரும் வெள்ளைக்கண்ணிகள் வாய் திறப்பதில்லை. “இஞ்சத்தைக் குருவியளுக்கும் சீவன் போயிட்டுது. மருந்தடிச்சு மருந்தடிச்சு எல்லாத்தையும் முடிச்சிட்டாங்கள்.” புகை அலாரத்தின் பற்றரி முடிந்து கீச்சிடுகிறது, மாற்றுங்கள் என்று ராசமணி மூன்று கிழமை சொன்னாள். எங்கே கீச்சிடுகிறது என்று அவர் அதன் கீழேயே நின்று கேட்டார். அவளே கதிரை போட்டு ஏறி மாற்றினாள். ஆல்பனியிலிருந்து ஞாயிறுகளில் வரும் றோஷினி, “டாட், கெட் யுவர் இயர்ஸ் செக்ட்,” என்றாள். ஆலைக்கு வருடா வருடம் செவிச் சோதனை வண்டி வரும்; ஒரு நிபுணரைப் பாருங்கள் என்று அவர்கள் அனுப்பிய கடிதம் எங்கே போனதென்று தெரியவில்லை. “வண்டிக்கு வெளியில போர்க்லிப்ட் ஓடுது, உள்ளுக்க ‘பீப்’ கேக்குதோ எண்டு கேக்கிறாங்கள். நல்ல சோதனை!”

போன ஆடி மாதத் தமிழ்ப் பூசைக்கு அவர் ஒரு வேண்டுதல் கருத்துக் கொடுத்தார். இறந்த பெற்றோருக்கு, சோதனை எழுதும் பிள்ளைக்கு, விசா கிடைக்க என்று மற்றவர்கள் கொடுத்த பெயர்களுக்கு நடுவே, ‘கென்யாவில் காணாமற்போன பற்றிக்கின் நண்பருக்காக’ என்று குருவானவர் உருக்கமாக வாசித்தார். பூசை முடிந்து வெளியே வந்தபோது கிருசாந்தி என்ற பெண் கையைப் பிடித்துக்கொண்டாள். தன் தம்பியும் காணாமற்போனவன்தான் அண்ணை, நம்பிக்கையை விடாதேங்கோ என்றாள். பற்றிக்குக் கூசிப்போயிற்று. குருவி என்று சொல்ல நா எழவில்லை. நாலு மாதம் கழித்து அடுத்த கருத்தை அவர் கொடுத்தபோது ‘காணாமற்போன’ என்பதை வெட்டி, ‘இறந்துபோன’ என்று எழுதினார்.

அந்தப் புதன்கிழமைக்கு வருவோம். காது கழுவி உட்கார்ந்தவருக்கு ஒரு மின்னஞ்சல் காத்திருந்தது. குழுவின் பொறுப்பாளர் முத்தோனி எழுதியிருந்தார். பெயரைக் கேட்ட நாளிலிருந்து ராசமணி நம்முடைய தமிழ் ஆள் என்றே நினைத்துக்கொண்டிருக்கும் கென்யப் பெண். அந்தப் புல்வெளியில் கதிர்க்குருவி அற்றுப்போய்விட்டது என்று எழுதும் நேரம் வந்துவிட்டது போலிருக்கிறது. எழுதினால் கருவிகளைக் கழற்றி வேறு மலைக்குக் கொண்டுபோவார்கள். குருவி வாழும் இடங்களின் வரைபடத்திலிருந்து புல்வெளியை அழிப்பார்கள். அதன்பிறகு அங்கே மாடு இறங்கினாலும் தீ வைத்தாலும் குருவியின் பெயரைச் சொல்லித் தடுக்க முடியாது. கழற்றுவதற்கு ஜீப் நாளைக் காலை மலையேறுகிறது. உங்கள் ஒரு சொல் போதும், நிச்சயமா?

பற்றிக் நெடுநேரம் எடுக்கவில்லை. பத்தொன்பது நிமிடங்களைக் கேட்டார். இல்லை. ‘பதினொரு வருடம் நேரிலும் ஏழு வருடம் கருவியிலும் கேட்டவன் சொல்கிறேன். அது அங்கே இல்லை. சாட்சியாக என் பெயரைப் போடுங்கள்’ என்று எழுதி அனுப்பினார். கண்ணீர் வந்தது. பெற்றவர்கள் போனபோதுகூட ஊருக்குப் போக முடியாமல் தொலைபேசியில் கேட்டுவிட்டு வேலைக்குப் போனவர் இப்போது மேசையில் இருந்து அழுதார். தனியாக அழப் பிடிக்கவில்லை. செத்த வீட்டுக்கு ஆள் வேண்டும்.

“இஞ்சாரும், ஒருக்கா வாரும்.”

“மீன் கையோட எங்க வாறது?” குசினியிலிருந்து ராசமணி.

“கையோடயே வாரும். ஒண்டும் தொட வேண்டாம். கேட்டாப் போதும்.”

ஹெட்போனின் வயரைப் பிடுங்கி, இருபதாவது நிமிடத்தை அறைக்குள் திறந்துவிட்டார். காற்று. புல். தூரத்தில் கவுதாரி ஒருதரம் கரகரத்து ஓய்ந்தது. பிறகு மறுபடி காற்று.

“கேட்டீரோ? இவ்வளவுதான் மிச்சம். எங்கட ஆள் இல்லாத மலை. வெறும் காத்து.”

ராசமணி செதில் ஒட்டிய கைகளை முன்னே நீட்டியபடி தலையைச் சாய்த்து நின்றாள். இத்தனை வருடத்தில் ஒரு நிமிடம்கூட அவள் இதைக் கேட்டதில்லை. அது அவருடைய கோயில் என்று ஒதுங்கியிருந்தாள்.

“எங்க வெறும் காத்து? உதுக்குள்ள ஒண்டு விடாமல் கிடந்து கத்துதே.”

“அது கவுதாரி.”

“அந்தக் கரகரப்பு இல்லையப்பா. அதுக்கு மேலால, மெல்லிசா. ஊசி மாதிரி. இந்தா... இந்தா, பிறகும்.” அவளுடைய ஈர விரல் ஒவ்வொரு முறையும் உயர்ந்தது.

“ஒண்டும் இல்லை.”

“உங்களுக்கு இல்லை. எனக்குக் கேக்குது.”

“குருவியைப் பற்றி உமக்கென்ன தெரியும்?”

“குருவி தெரியாது. சத்தம் தெரியும்,” என்று சொல்லிவிட்டு அவள் மீனுக்குத் திரும்பிப் போனாள்.

பற்றிக், ஏழு வருடமாக மூடிவைத்திருந்த படத்தைத் திறந்தார். அடியில் காற்றின் சாம்பல் புகை. நடுவில் கவுதாரியின் தடித்த கறை. அவற்றுக்கெல்லாம் மேலே, விளிம்பை ஒட்டி, கூராகச் சீவிய பென்சிலால் கீறினாற்போல ஒரு வரிசைக் கோடுகள். ஒலியை மீண்டும் ஓடவிட்டார். செங்குத்தான சிவப்புக் கம்பி படத்தின் மேல் இடமிருந்து வலமாக நகர்ந்தது. கோடுகளைத் தொட்டது, தாண்டியது. பதினொரு கோடுகள். பதினொன்றிலும் காற்றுதான் கேட்டது.

ஏழு வருடத்துக்கு முந்திய ஒரு நிமிடத்தைத் தேடி எடுத்தார். அவரே ‘மிகத் தெளிவு’ என்று குறித்தது. புதிதாக வருகிறவர்களுக்குக் கதிர்க்குருவியைப் பழக்க முத்தோனி இன்றும் கொடுப்பது அந்த நிமிடத்தைத்தான். எங்கே தொடங்கும், எங்கே ஏறும், எங்கே சட்டென்று நிற்கும் என்று அவருக்கு மனப்பாடம். ஓடவிட்டார். படத்தில் அதே கோடுகள். நெஞ்சுக்குள் பாட்டு ஓடியது. காதுக்குள் ஓடவில்லை.

செத்துப்போனதென்று பூசை ஒப்புக்கொடுத்த ஆள் உயிரோடு இருக்கிறான். சந்தோஷப்பட வேண்டிய செய்தி. பற்றிக் சந்தோஷப்படவும் செய்தார். ஒரு கணம் எழுந்து நின்றேவிட்டார். அடுத்த கணம் உட்கார்ந்தார். இரண்டு வருடம் அந்தக் குருவி ஒவ்வொரு விடியலிலும் பாடியிருக்கிறது. இவர் ஒவ்வொரு விடியலிலும் அதன் வாயை அடைத்து, ‘இல்லை’ என்று எழுதியிருக்கிறார். கணினி இருக்கலாம் என்றது, அதையும் வெட்டியிருக்கிறார். பீஜோவா மரத்தில் வெள்ளைக்கண்ணிகளும் ஊமையில்லை. ஊமையாகியது உலகம் இல்லை. இனி எத்தனை வருடம் வாழ்ந்தாலும் எங்கட ஆளை அவர் கேட்கப்போவதில்லை. மலைக்கே போய், புல்லுக்குள் படுத்துக் கிடந்தாலும் கேட்காது.

ஆனால் ஜீப் காலையில் ஏறுகிறது. முத்தோனிக்கு எழுதினார். எழுத்துப் பிழை நிறைய வந்தது, திருத்தவில்லை. ‘என் சொல்லை நம்ப வேண்டாம். குருவி அங்கே இருக்கிறது. கம்பங்களைக் கழற்ற வேண்டாம். இரண்டு வருடமாக நான் குறித்ததை எல்லாம் காது உள்ள ஒருவரிடம் மறுபடி கொடுங்கள். பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிடுங்கள்.’ கடைசி வரியை இரண்டு தரம் அழித்தார். மூன்றாம் தரம் அழிக்காமல் அனுப்பினார்.

அரை மணித்தியாலத்தில் பதில் வந்தது. ஜீப்பை நிறுத்திவிட்டோம் என்றது முதல் வரி. அதற்குக் கீழே நன்றி, வருத்தம், உங்கள் சேவை என்று ஏதேதோ நீளமாக இருந்தது. பற்றிக் முதல் வரியோடு நிறுத்திக்கொண்டார். நாளையிலிருந்து இந்த நேரத்தில் என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

இன்றைய இருபதாவது நிமிடம் இன்னும் அவர் பெயரில்தான் திரையில் நின்றது. கட்டம் நிரப்பப்படவில்லை. அதை மீண்டும் ஓடவிட்டார். சத்தத்தைக் கூட்டினார். காற்று பெருத்தது. இன்னும் கூட்டினார். பக்கத்து வீட்டு நாய் குரைக்கத் தொடங்கியது. அது அவருக்கு நன்றாகவே கேட்டது. கணினியின் ஒலி அளவை அதற்கு மேல் போகாத இடம்வரை தள்ளினார்.

“என்னப்பா, விசரே உங்களுக்கு? அந்த ஊசிச் சத்தம் காதைக் கிழிக்குது!” என்று கத்திக்கொண்டு ராசமணி வாசலுக்கு ஓடி வந்தாள். வந்தவள் கண்களை இறுக்கி, மீன் கைகளாலேயே இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டாள். பற்றிக் அந்தக் கைகளைப் பார்த்தார். அவை காதை விட்டு இறங்குகிற வரைக்கும் பார்த்திருந்துவிட்டு, திரும்பி, ‘உண்டு’ என்ற கட்டத்தை அழுத்தினார்.